தேனீக்கு ஒரு கைமாற்று: புதுப் பெட்டி காலியாகாமல் இருக்க என்ன வழி?

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் சுமார் 40 கி.மீ. தூரத்தில் மறையூர் வருகிறது. தேயிலைத் தோட்டங்கள் பின்தங்கி, சந்தன மரக் காடும் கரும்பு வயல்களும் கண்ணில் படுகின்றன. அங்கிருந்து பிரிந்து மலையேறும் சாலையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது காந்தலூர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். ஆனால் கடைத்தெருவில் காதில் விழுவது தமிழ். மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். தங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று இங்குள்ள பழங்குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றன.

மேற்குச் சரிவில் மழை கொட்டித் தீர்க்கும் மாதங்களிலும் மலையின் இந்தப் பக்கம் மழை குறைவு. கேரளத்தில் வேறெங்கும் அதிகம் காண முடியாத ஆப்பிள், பிளம்ஸ், பீச் மரங்கள் இங்கே காய்க்கின்றன. பூண்டும் காரட்டும் பீன்ஸும் விளைகின்றன. காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மறையூர் வெல்லத்துக்கு அதற்கு முன்பே 2019-ல் கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் பழத்தோட்டம், மறுபக்கம் காய்கறி, சுற்றிலும் காடு. இப்படிப்பட்ட இடத்தில் தேனீ வளர்த்தால் என்ன என்ற யோசனை யாருக்கும் வரும்.

மூணாறு தோட்டங்களில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெறும் தொழிலாளிக்கு லயத்து வீட்டைக் காலி செய்யும் நாள் ஒன்று வருகிறது. குமாஸ்தாவாக இருந்தவருக்கும் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் உண்டு. கைக்கு வரும் பணத்தில் பத்து, இருபது சென்ட் நிலம் வாங்கி, ஒரு சின்ன வீடு கட்டி உட்காரலாம் என்று அவர் நினைக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மாடு வைத்துப் பராமரிக்க உடம்பு இடம் கொடுக்காது. இரண்டு தேன்பெட்டி வைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார். தேனீக்குத் தீவனம் வேண்டாம், தொழுவம் வேண்டாம், அதுவே போய் மேய்ந்து வரும் என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள்.

பெட்டியும் கூட்டமும் வந்து சேர்கின்றன. முதல் வாரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். இரண்டாவது வாரம் வாசலில் நடமாட்டம் குறைகிறது. ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்தால் பெட்டி காலி. வெற்று அடைகளும், அடியில் செத்துக் கிடக்கும் பத்துப் பதினைந்து ஈக்களும்தான் மிச்சம். "நமக்கு ராசியில்லை" என்று பெட்டியைப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றே. அது பசி.

குடிபெயரும் குணம்

நம் நாட்டுத் தேனீக்களில் மலைத்தேனீ பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடையாகக் கட்டும். கொம்புத் தேனீ புதரில் கட்டும். கொசுத் தேனீக்குக் கொடுக்கில்லை, தேனும் கொஞ்சம்தான். பெட்டியில் பழக்கி வளர்ப்பதற்கு ஏற்ற நாட்டுத் தேனீ, மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் பொந்துத் தேனீ. இதற்கு அடுக்குத் தேனீ என்றும் பெயர். மலையாளத்தில் ஞொடியல் என்பார்கள். இத்தாலியத் தேனீ என்ற வெளிநாட்டு இனமும் நம் நாட்டில் உண்டு. 1962-ல் வடக்கே நக்ரோட்டா பக்வான் என்ற இடத்தில்தான் அது முதலில் வெற்றிகரமாகக் காலூன்றியது.

இந்த இரண்டுக்கும் குணத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இத்தாலியத் தேனீ பட்டினி வந்தால் பெரும்பாலும் பெட்டியிலேயே கிடந்து செத்துப் போகும். நம் பொந்துத் தேனீ அப்படிக் காத்திருக்காது. உணவு குறைந்தால் ராணி முட்டையிடுவதைக் குறைத்துக் கொள்ளும். இருக்கிற புழுக்கள் வளர்ந்து வெளியே வந்ததும், மிச்சமிருக்கும் தேனை வயிறு நிறைய எடுத்துக்கொண்டு கூட்டமே ஒரு நாள் கிளம்பிவிடும். எறும்புத் தொல்லையும் மெழுகு அந்துப்பூச்சியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்பும். பிழைப்பு இல்லாத ஊரை விட்டு மூட்டை கட்டுவது மனிதனுக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல.

ஆகவே, பெட்டி வாங்குவது ஒரு நாள் வேலை. அதில் குடித்தனத்தை நிலைக்க வைப்பது ஒரு மாத வேலை.

முதல் மூன்று வாரக் கணக்கு

ராணி முட்டையிட்ட நாளிலிருந்து வேலைக்காரத் தேனீ ஒன்று உருவாகி வெளியே வருவதற்கு சுமார் 20 நாள் ஆகிறது. வந்ததும் அது வயலுக்குப் போய்விடாது. அறை துப்புரவு செய்யும், புழுக்களுக்கு ஊட்டும், மெழுகு சுரந்து அடை கட்டும், வாசலில் காவல் நிற்கும். இப்படி இரண்டு மூன்று வாரம் உள்வேலை பார்த்த பிறகுதான் பூ தேடி வெளியே பறக்கும். ஆக, இன்று இட்ட முட்டை தேன் கொண்டுவரும் தேனீயாக மாறுவதற்கு ஏறக்குறைய 40 நாள் வேண்டும்.

மரப்பொந்திலிருந்து பிடித்து வந்து பெட்டியில் விட்ட கூட்டத்தில், முதல் மூன்று வாரம் என்ன நடக்கிறது? ஏற்கெனவே இருக்கும் தேனீக்கள் நாளுக்கு நாள் வயதாகிக் குறைகின்றன. புதிதாக ஒன்றும் வந்து சேர்வதில்லை. ரிட்டயர் ஆகிறவர்கள் ஆகிக்கொண்டே இருக்க, புது ஆள் எடுக்காத ஆபீஸ் போன்ற நிலை. வேலை மட்டும் குறைவதில்லை. முன்னைவிட அதிகம்.

காரணம், அடை கட்ட வேண்டும். தேனீயின் வயிற்றின் அடிப்புறத்தில் உள்ள சுரப்பிகளிலிருந்து மெழுகு மெல்லிய செதிள்களாக வருகிறது. அந்த மெழுகு சும்மா வருவதில்லை. தின்ற இனிப்புதான் மெழுகாக மாறுகிறது. ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறு முதல் எட்டு கிலோ தேன் செலவாகும் என்பது தேனீ வளர்ப்போர் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு. அடை இல்லாமல் ராணி முட்டையிட முடியாது. முட்டை இல்லாமல் அடுத்த தலைமுறை இல்லை. புதுக் கூட்டத்திடம் சேமிப்பும் இல்லை. அந்தச் சமயம் பார்த்துக் காந்தலூரில் மூடுபனி இறங்கி, சாரலும் காற்றும் நாலைந்து நாள் நீடித்தால், வெளியே பறக்கவும் வழியில்லை.

புது ஊரில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் வரும் வரை மெஸ்காரர் கடன் சொல்லிச் சோறு போடுவது வழக்கம். கூட வேலை செய்கிறவர் கைமாற்றாகக் கொஞ்சம் கொடுப்பார். பெட்டிக்குள் வைக்கும் சீனிப் பாகும் அப்படிப்பட்ட கைமாற்றுத்தான். அது சம்பளமல்ல. வேளைக்குக் கிடைக்க வேண்டும். வேளை வந்ததும் நிற்க வேண்டும். தேனீ வளர்ப்பில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி கொடுக்காமல் விடுவதால் வருகிறது. மறுபாதி, நிறுத்தத் தெரியாமல் வருகிறது.

வெல்ல ஊரில் வெல்லம் ஆகாது

மறையூர்ப் பக்கம் கரும்பாலைக் கொட்டகைகளுக்குப் பஞ்சமில்லை. கொப்பரையில் சாறு காய்ந்து, கையால் உருட்டிய வெல்ல உருண்டைகள் சூடு ஆறுவதற்கு முன்பே வாசம் ஊரைக் கூட்டும். "சீனி எதற்கு? நம் ஊர் வெல்லத்தைக் கரைத்து வைத்தால் தேனீக்கும் தெம்பாக இருக்குமே" என்று தோன்றுவது நியாயம். மனிதனுக்கு அது சரி. தேனீக்குச் சரியல்ல.

கரும்புச் சாற்றில் உள்ள தாது உப்புகளும் மற்றப் பொருள்களும் வெல்லத்தில் அப்படியே தங்கிவிடுகின்றன. வெல்லத்தின் நிறமும் சத்தும் அதனால்தான். ஆனால் இவற்றைத் தேனீயால் ஜீரணிக்க முடியாது. எல்லாம் கழிவாகக் குடலில் சேரும். ஆரோக்கியமான தேனீ பெட்டிக்குள் கழிவதில்லை; வெளியே பறந்து போய்த்தான் கழியும். பனியிலும் சாரலிலும் நாள் கணக்காக அடைபட்டுக் கிடக்கும்போது வயிறு கழிவால் நிறைந்தால், அடையிலும் வாசல் பலகையிலும் பழுப்புக் கோடுகளாகப் பேதி தெரியும். கூட்டம் நலிந்துவிடும். வெயிலும் பறக்க வசதியும் உள்ள இடத்தில் தப்பித்தாலும் தப்பிக்கலாம். குளிர் உள்ள மலையூரில் இது பெரிய ஆபத்து.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, கரும்புச் சாறு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். தேனீக்கு ஏற்றது கடையில் விற்கும் வெள்ளைச் சீனி மட்டுமே. டாக்டர் நமக்கு வேண்டாம் என்று சொல்லும் அதே சீனி, வேறெதுவும் கலக்காத சுத்தமான இனிப்பு என்பதால் தேனீக்கு உகந்ததாகிறது.

கடையில் வாங்கிய தேனையோ, வேறொருவர் பெட்டித் தேனையோ ஊற்றுவதும் தவறு. தேன்தானே தேனீக்கு உணவு என்று தோன்றும். ஆனால் நோயுள்ள கூட்டத்தின் தேனோடு நோயும் வந்து சேரும். 1991, 1992-ம் ஆண்டுகளில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியது. புழுக்கள் பை போல் வீங்கிச் செத்தன. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பெரும்பகுதிப் பெட்டிகள் காலியாகின. பிழைப்பு போய் வேறு வேலைக்குப் போனவர்கள் பலர். அந்த நோய் இன்றும் அங்கங்கே தலைகாட்டுகிறது. தன் பெட்டியிலிருந்து எடுத்து, நோயில்லை என்று தெரிந்த தேனாக இருந்தால் மட்டுமே திருப்பிக் கொடுக்கலாம்.

பாகு செய்யும் முறை

இதற்குப் பெரிய பண்டிதம் வேண்டாம். 125 கிராம் சீனி, 125 மில்லி தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கி, அதில் சீனியைப் போட்டுக் கரைய விட வேண்டும். சீனியைப் போட்ட பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றிக் காய்ச்சக் கூடாது. அதிரசத்துக்குப் பாகு பிடிப்பது போல் கம்பிப் பதம், உருட்டுப் பதம் பார்க்கக் கூடாது. நிறம் மாறிக் கருகிய சீனி தேனீக்கு விஷம். எலுமிச்சம்பழம் பிழிந்து கொதிக்க வைப்பதும் இதே காரணத்தால் ஆகாது. நன்றாக ஆறிய பிறகே கொடுக்க வேண்டும்.

இந்த அளவுக்கு ஏறக்குறைய 200 மில்லி பாகு கிடைக்கும். சிறிய புதுக் கூட்டத்துக்கு ஒரு தடவைக்கு இது போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால், 24 நாளில் 12 தடவை. மொத்தம் ஒன்றரைக் கிலோ சீனி. ஒரு கூட்டத்தை நிலைக்க வைக்க ஆகும் செலவு அவ்வளவே. கூட்டத்தின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே அல்ல.

இந்த அளவு வேதவாக்கு அல்ல. மறுநாள் காலையில் பார்த்தால் விடை தெரியும். பாத்திரம் துடைத்தது போல் இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். மிச்சம் இருந்தால் குறைக்க வேண்டும். மிஞ்சிய பாகு இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். புளித்ததை வைக்கக் கூடாது. ஒரே நாளில் நிறையக் காய்ச்சி வைப்பதைவிட, அன்றன்றைக்குச் செய்வது நல்லது.

பாகு வைப்பதற்கு நம் வீட்டுச் சிரட்டையே போதும். சுத்தமாகச் சுரண்டிக் கழுவிய சிரட்டையில் பாகை ஊற்றி, அதில் காய்ந்த குச்சிகள் நாலைந்தோ வைக்கோல் துண்டுகளோ மிதக்க விட வேண்டும். இது மறக்கக் கூடாத காரியம். தேனீக்கு நீந்தத் தெரியாது. பிடித்துக்கொள்ள ஒரு குச்சி இல்லாவிட்டால் காலையில் சிரட்டை நிறையச் செத்த ஈதான் இருக்கும். சிரட்டையைப் பெட்டிக்குள், அடைகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மூடியில் ஊசித் துளைகள் போட்ட பாட்டிலில் பாகை நிரப்பி, சட்டங்களுக்கு மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதும் உண்டு. கவிழ்த்ததும் நாலு சொட்டு விழுந்து நின்றுவிடும். பிறகு தேனீ உறிஞ்சினால் மட்டும் வரும். பெட்டியில் வைப்பதற்கு முன் வெளியே கவிழ்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விடாத சாரலும் குளிரும் உள்ள நாட்களில் இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கெட்டியாகக் கொடுப்பது நல்லது. தண்ணீர் பாகைத் தேனீ இரவெல்லாம் இறக்கையால் விசிறி வற்ற வைக்க வேண்டும். ஏற்கெனவே ஈரமான பெட்டியில் அது வீண் வேலை.

அந்தி நேரத்தில், சத்தமில்லாமல்

பாகைப் பகலில் வைக்கக் கூடாது. சூரியன் இறங்கி, தேனீக்கள் கூடு திரும்பிய பிறகே வைக்க வேண்டும். இதற்குக் காரணம் ருசிகரமானது.

தேனீ தன் கூட்டாளிகளுக்கு நடனத்தால் செய்தி சொல்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் கார்ல் வான் ஃபிரிஷ். அதற்காக 1973-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். உணவு தூரத்தில் இருந்தால், எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று தேனீ ஆடிக் காட்டும். மிகப் பக்கத்தில் இருந்தால் வட்டமாகச் சுற்றி ஆடும். "பக்கத்திலேயே இருக்கிறது, போய்த் தேடு" என்பதுதான் அதன் பொருள்.

பெட்டிக்குள் பாகு வைத்தால் தேனீக்குத் தெரிவதும் அதேதான். பகலில் வைத்தால் நூற்றுக்கணக்கான தேனீக்கள் வெளியே பாய்ந்து சுற்றுவட்டாரத்தையே துருவும். பக்கத்துப் பெட்டியில் நுழையும். பக்கத்துப் பெட்டிக்காரர்களும் வாசம் பிடித்து இங்கே வருவார்கள். பலமுள்ள கூட்டம் பலவீனமான கூட்டத்தைக் கொள்ளையடிக்கத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். புதுக் கூட்டம்தான் எப்போதும் பலவீனமானது. குளவியும் எறும்பும் வேறு வந்து சேரும்.

ஆகவே அந்தி நேரம். வாசலைச் சுருக்கி இரண்டு மூன்று தேனீ நுழையும் அளவுக்கு விடுவது. ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் ஊற்றுவது. சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது. இரண்டு மூன்று பெட்டி இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பது. முற்றத்தில் தாம்பாளத்தில் ஊற்றி எல்லாக் கூட்டத்துக்கும் பொதுவாக வைப்பது அறவே கூடாது. பந்தி போட்டால் வலுத்தவன்தான் சாப்பிடுவான்.

பெட்டி நிற்கும் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. இனிப்பு வைக்கத் தொடங்கிய பிறகு இந்தத் தண்ணீர் ஒரு நாளும் வற்றக் கூடாது. பாகு வைத்துவிட்டுத் தண்ணீரை மறந்தவர், தேனீக்குப் பதில் எறும்பை வளர்த்தவராவார்.

சீனி மட்டும் போதாது

சீனி உடம்புக்குத் தெம்பு தரும். குழந்தையை வளர்க்காது. புழுக்கள் வளரப் புரதம் வேண்டும். அது பூக்களின் மகரந்தத்திலிருந்து கிடைக்கிறது. வெளியே போய் வரும் தேனீயின் பின்னங்கால்களில் மஞ்சளும் ஆரஞ்சுமாக உருண்டைகள் ஒட்டியிருந்தால், உள்ளே புழு வளர்கிறது, ராணி நலம் என்று பொருள். பாகு காலியாகிறது, ஆனால் பல நாளாக மகரந்தம் வரவில்லை என்றால் யோசிக்க வேண்டும். சோயா மாவைப் பாகில் பிசைந்து சிறு அடையாகத் தட்டிச் சட்டங்களின் மேல் வைப்பது ஒரு மாற்று வழி. பூ உள்ள இடத்துக்குப் பெட்டியை மாற்றுவது அதைவிட நல்ல வழி.

புதியவர்கள் பலர் வாசலில் ராணித் தடுப்பு மாட்டிவிட்டால் கூட்டம் ஓடாது என்று நம்புகிறார்கள். அந்தத் தடுப்பில் வேலைக்காரத் தேனீ நுழையும். உடல் பெருத்த ராணி நுழைய முடியாது. முதல் சில நாட்களுக்கு அது உதவும். ஆனால் தடுப்பு வயிற்றை நிரப்பாது. பட்டினி கிடக்கும் கூட்டத்தை அடைத்து வைத்தால் அது உள்ளேயே மடியும். பிரித்து வாங்கிய கூட்டத்தில் ராணி இன்னும் இணை சேராததாக இருந்தால், தடுப்பு பெருங்கேடு. இணை சேர ராணி வெளியே பறந்தே ஆக வேண்டும்.

சின்னக் கூட்டத்துக்குப் பெரிய வீடும் வேண்டாம். தேனீக்கள் மூடி உட்கார முடியாத அடைகளில் அந்துப்பூச்சி முட்டையிடும். கூட்டத்துக்குத் தேவையான சட்டங்களை மட்டும் விட்டு, மிச்ச இடத்தைத் தடுப்புப் பலகையால் மறைத்தால் சூடும் தங்கும், பாகும் வீணாகாது.

மார்த்தாண்டத்தின் அனுபவம்

இந்தப் பாடங்கள் புத்தகத்தில் மட்டும் உள்ளவை அல்ல. 1911 முதல் 1917 வரை பாதிரியார் நியூட்டன் என்பவர் நம் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்துத் தென்னாட்டுக் கிராமத்து மக்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 1920-களில் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையம், ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில், ஏழைக் குடும்பங்களுக்குக் கைத்தொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கற்றுக் கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் மார்த்தாண்டம் தேன். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மார்த்தாண்டத்துக்காரர்களின் ஆண்டுக் கணக்கு ரப்பர் மரத்தோடு ஓடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, அந்த இளம் இலைக் காம்பில் இனிப்பு நீர் சுரக்கிறது. பூவிலிருந்து அல்ல, இலையிலிருந்தே தேன். அந்தப் பருவத்தில் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கேரளத் தோட்டங்களுக்குக் கொண்டு வருகிறார்கள். ஜூன் மாதம் மழை பிடித்ததும் வருமானம் நின்றுவிடும். அப்போது பெட்டியைக் காப்பது சீனிப் பாகுதான். பருவத்தில் எடுத்த தேனில் ஒரு பங்கை மழைக்காலத்தில் சீனியாகத் திருப்பிக் கொடுக்காதவருக்கு, அடுத்த ஜனவரியில் வைக்கக் கூட்டம் இருக்காது.

காந்தலூரில் ரப்பர் இல்லை. இங்கே ஆப்பிளும் பிளம்ஸும் பூக்கும் காலம் வேறு. யூகலிப்டஸ் பூக்கும் காலம் வேறு. காட்டு மரங்களின் காலம் வேறு. 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் இந்த மலைகளில் பூத்தது. ஆகவே மார்த்தாண்டத்துப் பஞ்சாங்கத்தை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. புதிதாகத் தொடங்குகிறவர் முதல் வருஷம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்த வாரம் எது பூத்தது, எந்த வாரம் பெட்டி கனத்தது, எந்த வாரம் இளைத்தது என்று எழுதி வந்தால், இரண்டாம் வருஷம் எப்போது சீனி வாங்க வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும். பெட்டியின் பின்பக்கத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். பயிற்சி வேண்டுவோருக்கு வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் தேனீ ஆராய்ச்சிப் பிரிவும், மாநிலத்தின் ஹார்ட்டிகார்ப் நிறுவனமும் உள்ளன.

எப்போது நிறுத்துவது?

வாசலில் மகரந்தம் தடையின்றி வருகிறது. அடைகளின் மேல் விளிம்பில் மூடிய தேன் வில் போல் தெரிகிறது. புது மெழுகு வெள்ளையாகப் படிகிறது. வைத்த பாகு இரண்டு நாளாகியும் குறையவில்லை. இவை தெரிந்தால் சிரட்டையை எடுத்துவிட வேண்டும். வெளியே நல்ல தேன் கிடைக்கும்போது தேனீயே பாகைச் சீண்டாது. நாம்தான் ஆசையால் மேலும் மேலும் ஊற்றுகிறோம்.

தேன் எடுப்பதற்கான மேலறையை வைத்த பிறகு ஒரு துளிப் பாகும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தேனீ அதையும் மேலறையில் கொண்டுபோய்ச் சேர்த்து, மெழுகால் மூடி வைக்கும். பார்வைக்குத் தேன்தான். நாக்குக்கும் ஏறக்குறைய தேன்தான். ஆனால் அது தேனல்ல. பெட்டி நம்முடையது, தேனீயும் நம்முடையது, தேனீயே மூடி வைத்தது என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வாங்குகிறவர் ஏமாந்தது ஏமாந்ததுதான்.

ஆய்வுக்கூடத்தில் அது தப்பாது. கரும்பு, மக்காச்சோளம் போன்ற பயிர்கள் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் முறை, தேன் தரும் பெரும்பாலான செடிகளின் முறையிலிருந்து வேறுபட்டது. அந்த அடையாளம் சீனியிலும் தங்கிவிடுகிறது. தேனில் இந்த வகைச் சர்க்கரை 7 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு கட்டியிருக்கிறது. 2020 டிசம்பரில் டில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் விற்ற 13 பிராண்டுகளை ஜெர்மனியில் நவீன முறையில் சோதித்துப் பார்த்ததில் 10 தேறவில்லை என்று அறிவித்தது. அதன் பிறகு கடைத் தேனை ஜனங்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். தெரிந்தவர் வீட்டுத் தேன் என்றால் நம்பிக் கேட்கிறார்கள். இரண்டு பெட்டிக்காரருக்கு உள்ள முதல் அந்த நம்பிக்கைதான். அதைச் சிரட்டைப் பாகில் கரைத்துவிடக் கூடாது.

தேனீக்குச் சிறந்த தீவனம் சீனி அல்ல, அதன் சொந்தத் தேன்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். கீழறையில் உள்ளதைத் தொடாமல் விட்டவருக்குச் சீனிச் செலவு குறைவு. முதல் வருஷம் தேன் எடுக்காமலே விட்டுவிடுவது இன்னும் நல்லது. பாட்டிலோடு காத்திருக்கும் உறவினர்களுக்கு இது பிடிக்காது. "பெட்டி வைத்து ஒரு வருஷமாயிற்று, ஒரு ஸ்பூன் தேன் உண்டா?" என்று கேட்பார்கள். அடுத்த வருஷம் வரச் சொல்லலாம்.

அஞ்சுநாட்டுக்கு ஒரு காலத்தில் மலையேறி வந்தவர்கள் முதல் விளைச்சல் வரும் வரை எதைத் தின்று காத்திருந்தார்களோ தெரியாது. மூணாறு தோட்டத்துக்கு வந்தவர்கள் முதல் கூலி கைக்கு வரும் வரை யாருடைய அடுப்பை நம்பி இருந்தார்கள் என்று பல வீடுகளில் இன்னும் கதை உண்டு. வந்த இடத்தில் வேர் பிடிக்கும் வரை ஒரு கை தாங்க வேண்டும். வேர் பிடித்த பிறகு அந்தக் கை விலக வேண்டும். காந்தலூரில் பெட்டி வைக்கப் போகிறவர் முதல் மாதம் அந்திக்கு அந்தி செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு சிரட்டைப் பாகு, அதில் நாலு குச்சி, பெட்டிக் காலில் தண்ணீர்.